தாமஸின் ஃபிளாப்பியில் நான் பூசிய எண்ணெய்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு வாசலில் என் கணவர் வந்து நின்றார். கையில் தந்தி. அவர் பள்ளிக்கூடம் வரை வந்ததே இல்லை.

எங்கள் மகன் தாமஸ் கனடாவில் இருக்கிறான். 1987இல் அங்கே கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தனியாகவே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தரும் தொழிலை ஆரம்பித்தான். ஒரு மருந்து மொத்த வியாபாரிதான் அவனுடைய முதல் வாடிக்கையாளர். ஐந்து மாத உழைப்பு. அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். அவன் அறையில் தீப்பிடித்துவிட்டது, அவனுக்குக் காயமில்லை, கம்ப்யூட்டரும் புரோகிராமைப் பதிந்து வைத்த ஃபிளாப்பிகளும் எரிந்துவிட்டன, செஞ்சியில் நம் வீட்டில் உள்ள பிரதியை உடனே அனுப்பவும் என்றது தந்தி.

பிள்ளை உயிர் தப்பினான் என்று ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய நேரத்தில் என் நினைவு வீட்டு பீரோவுக்கு ஓடியது. காரணம் என் கணவருக்கே தெரியாது.

எழுதிய புரோகிராமுக்கு ஒரு பிரதி வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டுமாம். அது அந்தத் தொழிலில் வழக்கம். அதனால் வேலை முடிகிற சமயத்தில் ஒரு ஃபிளாப்பியை எங்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தான். சதுரமான கறுப்பு உறை, அதற்குள் மெல்லிய தட்டு, உறையில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பில் விரல் பட்டால் பதிந்தது கெட்டுவிடும், தொடக் கூடாது என்றும் கடிதத்தில் எழுதியிருந்தான். படித்தேன். ஆனாலும் பிள்ளையின் முதல் தொழில். சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தொட்டு, அந்தத் திறப்பிலேயே சிலுவை போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

இதைச் சொன்னதும் என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "இன்னா காரியம்டி பண்ணிட்ட? பசங்க நோட்டுல எண்ண பட்டா அந்தக் கத்து கத்துவ. நம்ம புள்ள நோட்டுல நீயே தடவிட்டியா?"

முதல் வேலையே கைவிட்டுப் போனால் அவனை நம்பி இன்னொருவர் எப்படி வேலை தருவார்? புதன்கிழமை உபவாசம் இருந்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒன்றுதான் வாயில் வந்தது. "ஆண்டவரே, உம்மேல் நம்பிக்கை போதாமல்தான் எண்ணெயைப் பிடித்துக்கொண்டேன். மன்னியும்."

வியாழன் காலை பக்கத்து வீட்டு ஜெயமாலா என்னைப் பார்த்துவிட்டாள். அவர்கள் சமணக் குடும்பம். "இன்னா டீச்சர், மூஞ்சி வீங்கிக் கெடக்குது? பசங்க உங்கள அடிச்சிட்டானுங்களா?" என்றாள். அழுதுகொண்டே சொன்னேன். "அட, எங்க தம்பி தரணேந்திரன் பாண்டிச்சேரில அந்தக் கம்ப்யூட்டரத்தான சொல்லிக்குடுக்குது!"

பதினோரு வருடம் பக்கத்து வீடு. அவள் தம்பி என்ன வேலை பார்க்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றே என் கணவர் ஃபிளாப்பியோடு பாண்டி பஸ் ஏறினார். உறையை வெட்டி, தட்டை மட்டும் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வேறு உறையில் போட்டுப் பார்க்கிறேன் என்றாராம் தரணேந்திரன். "கண்டிப்பா வரும்னு சொல்ல முடியாது சார்." தாமஸின் விலாசத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒரு செய்தியும் இல்லை.

அன்பானவர்களே, இன்று தாமஸ் தன் சொந்தத் தொழிலில் நிற்கிறான். ஆனாலும் தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னும் பயம்தான். முன்பெல்லாம் அவனுக்கு இதைச் செய்யும், அதைச் செய்யும் என்று கர்த்தருக்கே வழி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் பேரைச் சொல்லி ஒப்புக்கொடுத்துவிட்டுத் தூங்குகிறேன். உங்கள் பிள்ளைகளும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால், அப்படியே ஒப்புக்கொடுத்துப் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தரணேந்திரன் எங்கள் வாசலில் வந்து நின்றார். சமணர்கள் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள அக்கா வூட்ல சாப்டணும் டீச்சர், நிக்க நேரமில்ல. மொத்தமும் வந்துட்டுது. ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணக் கனடாவுக்குத் தபால்ல போட்டுட்டுதான் பஸ் ஏறினேன்."