அன்னா வந்த இரண்டு காலைகள்

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் ராசமலரின் கை சும்மா இருக்காது. அந்தக் கைகளுக்கோ சும்மா இருக்கவேண்டிய காலம் வந்து நெடுநாளாயிற்று. டென்மார்க்கின் மேற்கு யூலண்டில், ஆலை நகரம் ஒன்றில், பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் பெல்ட்டுக்கு முன்னால் நின்று கத்தி பிடித்த கைகள் அவை. இரண்டு மணிக்கட்டிலும் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. இப்போது ஒரு கோப்பையைப் பிடித்தாலும் விரல்கள் விறைத்துவிடும்.

அந்தக் கைகளால்தான் கணவர் குணசேகரத்தைத் தூக்கிக் குளிக்க வார்க்கவேண்டியிருந்தது. பாரிசவாதம் அவருடைய இடப்பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. பேச்சும் வீம்பும் மட்டும் அப்படியே இருந்தன. ஒருநாள் குளியலறையில் அவர் நழுவ, பிடிக்கப் போன இவளும் சேர்ந்து விழுந்தாள். மேல்வீட்டுப் பீற்றர் வந்து தூக்கும்வரை இருவரும் ஈரத் தரையில் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான், காலையில் உதவிக்கு ஒரு ஆளை அனுப்பும்படி நகரசபையிடம், அதுதான் கொம்யூனிடம், கேட்டாள்.

நிலைமையைப் பார்க்க அன்னா என்றொரு அதிகாரி வந்தாள். நல்ல பெண். நம்முடைய ராசமலர் செய்த வேலையைக் கேளுங்கள். விடிய எழும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு அவரைக் குளிக்க வார்த்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டை மாட்டி, திருநீறு பூசி இருத்தினாள். வீட்டைப் பளபளவென்று துடைத்தாள். வடை சுட்டாள். தேநீர்த் தட்டை நடுங்காமல் ஏந்தி வந்தாள். அன்னா போதும் போதும் என்னவும் இன்னொரு வடையை வைத்தாள். உதவி கேட்கிற வீடு இதுதானா என்று யாருக்கும் சந்தேகம் வராதா? இருவரும் நன்றாகச் சமாளிக்கிறார்கள், உதவி தேவையில்லை என்று பதில் வந்தது.

கோல்டிங்கில் இருக்கும் மகள் துவாரகா தொலைபேசியில் டேனிஷில் பொரிந்து தள்ளினாள். தாய்க்கு நன்றாக உறைக்கட்டும் என்று கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

"அம்மா, அவை கண்ணால பாக்கிறதைத்தான் எழுதுவினம். அடுத்த முறை ஒண்டும் செய்யாதேங்கோ. வீடு கிடக்கிறபடி கிடக்கட்டும்."

மகளே முறையிட்டு, அன்னா மறுபடி வர ஒழுங்காயிற்று.

அன்று காலை ராசமலர் ஒன்றும் செய்யவில்லை. ஆலையில்கூட அவள் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கமாட்டாள். கழுவாத பாத்திரங்களைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். குணசேகரம் மழிக்காத முகத்தோடும் கசங்கிய சாரத்தோடும் இருந்து, சேட்டை எடுத்துத் தாரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காரணத்தைச் சொன்னால் வீம்புக்கு ஏதும் செய்துவிடுவார் என்ற பயத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

அன்னா வந்து சுற்றிப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. ராசமலர் கைகளை நீட்டிக் காட்டினாள். உடம்பெல்லாம் கூசினாலும், தன்னால் இனி இயலாது என்று டேனிஷில் சொல்லியும்விட்டாள். இனிக் கிடைத்துவிடும் என்று மனம் கொஞ்சம் ஆறியது. அன்னா அவர் பக்கம் திரும்பி, வெளியாள் வந்து குளிக்க வார்க்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

குணசேகரம் நிமிர்ந்தார். வந்தவள் தன் மனைவியைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதுதான் காலையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது. நல்ல டேனிஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: இன்றைக்கு அவளுக்குச் சுகமில்லை, அதனால்தான் வீடு இப்படி, மற்றபடி என் மனைவி எல்லாவற்றையும் திறமாகச் செய்வாள், வெளியாள் யாரும் எனக்கு வேண்டாம்.

அவர் சம்மதிக்காமல் ஆளை அனுப்ப முடியாது என்று அன்னா மெதுவாகச் சொன்னாள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் அவர் வலக்கையால் அவளைக் கிட்டக் கூப்பிட்டார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

"பாத்தீரே, வந்தவளுக்கு முன்னால உம்மை விட்டுக்குடுப்பனோ நான்?"

அவளுக்கு அழுகை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கோபிக்கவும் முடியவில்லை.

"இனிக் குளிப்பமே?" என்றார் அவர்.

ராசமலர் குனிந்து, அவருடைய கக்கத்துக்குள் கைகளைக் கொடுத்தாள்.