தவக்காலத்தில் குத்தாதவர்

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் நானும் மாடியில் காய்ந்திருந்த கிரேப் பேண்டேஜைச் சுருட்டினோம். மூட்டுவலிக்காக அவர் முழங்காலில் கட்டிக்கொள்வது. ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் மறுமுனையிலிருந்து சுருட்டிக்கொண்டே என்னை நோக்கி வந்தார். குத்துச்சண்டைக்காரர்கள் கைக்கட்டைச் சுருட்டுவதுபோல் இழுத்து, இறுக்கிச் சுருட்டுவார். துணி தளர்ந்தால் பிடிக்காது.

"இழுத்துப் புடி மெரின். துணி காயப்போட வந்தவளாட்டம் நிக்கிற."

முடித்ததும் கேட்டார். "அந்தக் குச்சிய எடுத்து வச்சிட்டியா?"

குச்சி என்றால் பென் டிரைவ். மறுநாள் பூசை முடிந்ததும் முதலியார்பேட்டைக்குப் போய் அதைத் தெய்வசிகாமணி மாமாவிடம் காட்டவேண்டும் என்பது திட்டம். இஸ்திரி போட்ட சட்டையின் பாக்கெட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். ஆனாலும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்பா, அருளானந்தம், பொதுப்பணித் துறையில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வாதாடுவார். தெய்வசிகாமணி மாமாவைத் தான் ஜெயித்தது உண்மையான ஜெயிப்புதான் என்பது அந்த விஷயம்.

இருவரும் இளவயதில் குத்துச்சண்டையில் ஒரே எடைப் பிரிவில் இருந்தார்கள். ஆனால் மோதிக்கொண்டதில்லை. மாசி மகத்தை ஒட்டி வைத்திக்குப்பம் கடற்கரையில் மணலில் கயிறு கட்டிப் பந்தயம் நடக்கும். மாசி மகம் பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தான் வரும். அப்பா தவக்காலத்தில் கறி தொடமாட்டார், க்ளவுஸும் தொடமாட்டார். "சாம்பல் பூசிக்கினு போயி ஒருத்தன் மூக்க ஒடைக்கச் சொல்றியா?" என்பார். வருடா வருடம் மாமா ரிங்கில் நிற்பார். அப்பா மாதா கோயிலில் முழங்காலில் நிற்பார்.

ஒரு வருடம் கடல் ஏறி மணலை அரித்துக்கொண்டு போனதால் பந்தயம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அப்போது இருவருக்கும் நாற்பதுக்கு மேல். அப்பா பாயிண்ட்டில் ஜெயித்தார். மாமா தன் க்ளவுஸ் முடிச்சைப் பல்லாலேயே அவிழ்த்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் டீக்கடைக்கு வந்தார். அன்று தொடங்கிய வழக்கு.

"கிழவன அடிச்சிட்டுக் கப்பு தூக்கினவரு, பாத்துக்குங்க" என்று கடையில் இருப்பவர்களிடம் அப்பாவைக் காட்டுவார் மாமா.

"எனக்கு மட்டும் அப்ப என்னா பதினெட்டா? உன்னவிட ரெண்டு வயசுதான்டா கம்மி."

"வயச எவன் கேட்டான்? வாங்கின குத்த எண்ணுடா முசே. வருசா வருசம் நான் மணல்ல ஒத வாங்கிக்கினு கெடந்தேன். நீ கோயில்ல பத்திரமா உக்காந்துக்கினு இருந்த. உன் ஒடம்பு ஷோரூம் வண்டி. என்னுது டவுன் பஸ்ஸு."

"ஓட்டாத வண்டி துருப்புடிக்கும்டா. துருப்புடிச்ச கையாலதான் உன்ன அடிச்சேன்."

முசே என்றால் பிரெஞ்சில் துரை மாதிரி. அப்பா ஒருநாளும் துரையாக இருந்ததில்லை என்பதால் மாமா அப்படிக் கூப்பிடுவார்.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு மாமா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் வண்டிகளுக்குப் பெட்டி ஏற்றினார். பிறகு சர்க்கரையால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அப்பாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போனார். மாமாவின் மனைவி செல்வாம்பாள் அத்தை இரண்டு டம்ளர் காப்பியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாராம், சத்தம் தாங்காமல்.

அப்பாவுக்கு வேண்டியது ஒன்றுதான். மாமாவின் வாயால், ஒரே ஒரு தடவை, "நீ ஜெயிச்சடா."

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய மாதம், கல்யாண வீடியோ எடுக்கும் செல்வகுமார் ஸ்டூடியோவைக் காலி செய்தபோது அந்தச் சண்டையின் கேசட் கிடைத்தது. நான் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். இது எனக்குப் பெரிய வேலையில்லை.

செல்வகுமாருக்குக் கல்யாணம் எடுத்தே பழக்கம். மூன்றாவது ரவுண்டு மணி அடித்ததும், மேடையில் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போடுவதை எடுக்கப் போய்விட்டார். பிறகு வழக்கம்போல் நாற்காலி வரிசையை முகம் முகமாக எடுத்தார். கூட்டம் கத்துவது கேட்கிறது. படத்தில் ஒரு அம்மாள் முந்தானையைச் சரிசெய்கிறார். அடுத்து ஒரு இதய வடிவம் விரிகிறது. அதற்குள் அப்பாவின் கையை நடுவர் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

அப்பா கடைசிவரை பார்த்தார். "சால்வ நல்ல சால்வதான்" என்றார்.

முதல் இரண்டு ரவுண்டுகள் முழுதாக இருந்தன. அவற்றை ஃபிரேம் ஃபிரேமாக, சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்த்தேன். தோளிலிருந்து கிளம்பும் குத்து எதிராளியிடம் போய்ச்சேர எத்தனை சட்டங்கள் ஆகின்றன என்பதை இருவருக்கும் அளந்தேன். மாமாவின் வேகம் இரண்டாவது ரவுண்டிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அப்பாவின் கைதான் தளர்ந்துகொண்டே போனது. கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன்.

அப்பா எழுந்தே விட்டார். "அப்ப நான்தான் ரொம்பத் தேஞ்சவன்?"

"ஆமாப்பா."

"மெஷின் சொல்லுது?"

"நான் சொல்றேன். அளந்து சொல்றேன்."

"தேஞ்சவன் தேயாதவன அடிச்சிருக்கான். இனி அந்தத் தெய்வா எங்க போவான் பாக்கறேன்." தன் கை வேகம் குறைந்ததைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட குத்துச்சண்டைக்காரர் வேறு யாரும் இருக்கமாட்டார்.

ஞாயிறு விடியும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர். ஆஸ்பத்திரியில் மாட்டியிருந்த மானிட்டர் நான் பலமுறை பிரித்துச் சேர்த்த வகைதான். ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. விரலில் மாட்டும் சென்சாரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். கேபிளை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அளவு அதேதான். கருவியில் கோளாறு இருந்தால் நான் சரிசெய்துவிடுவேன். கருவி சரியாக இருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டேன். போனை ஸ்பீக்கரில் வைத்து அப்பாவின் காதருகே பிடித்தேன்.

"மாமா, நீதான் ஜெயிச்சன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவருக்குக் கேக்குது."

"ஸ்பீக்கர அமத்து" என்றார் மாமா.

அமர்த்தினேன்.

"சொன்னா போயிடுவான்மா. அத வாங்கறதுக்குத்தான் உசுரக் கையில புடிச்சிக்கினு இருக்கான். நான் சொல்ல மாட்டேன்."

"மாமா, டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க."

"ஸ்பீக்கர போடு."

போட்டேன்.

"டேய் முசே! கிழவன அடிச்சவனே! இன்னைக்கு வர்றேன்னியே, என்னாடா படுத்துக்கினு இருக்க? வாடா! மூஞ்சிக்கு நேரா வந்து பேசுடா!" குரல் உடைந்தது. அத்தை போனை வாங்கி வைத்துவிட்டார்.

அப்பாவின் புருவம் அசைந்தது என்று எனக்குத் தோன்றியது. திரையில் எந்த அளவும் மாறவில்லை. திங்கட்கிழமை இறந்தார்.

அடக்கத்துக்கு மாமா ஆட்டோவில் வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் ஆட்டோ போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து நான் வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இன்னும் பலமாக இருந்தது.

"சொல்லியிருக்கணுமா பாப்பா?"

"தெரியல மாமா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்குப் போன் செய்கிறார். "அந்தப் படத்த எப்பக் கொண்டார? அளந்தியாமே. எனக்கும் காட்டு. நான் பேச வேணாமா?" வருகிறேன் என்கிறேன். ஒரு தடவை பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன். எந்தச் சட்டத்தில் நிறுத்தி எதைக் காட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் ஒப்புக்கொண்டால் கேட்க அப்பா இல்லை. டவுன் பஸ், ஷோரூம் என்று ஆரம்பித்தால் பதில் சொல்லவும் இல்லை. அப்பா பக்கம் நின்று பேச எனக்கு வராது.

இஸ்திரி போட்ட சட்டை கொக்கியில் அப்படியே தொங்குகிறது. பென் டிரைவ் அதன் பாக்கெட்டில் இருக்கிறது.