சண்டிக்கட்டோடு மரம் வெட்டிய நாள்

போன வருடம், மாரி தொடங்குவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னர், முஸ்லிம்கள் வாழும் கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது. எங்கள் வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, எங்கள் பக்கத்து வழக்கப்படி அது என் மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. கலியாணம் முடித்து அங்கே குடிபோனவன் நான்தான். முப்பது வருடமாகியும் அந்த வளவில் ஒரு கொப்பை முறிப்பதென்றாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் முறிப்பேன்.

மாமரத்தின் தாழ்ந்த கொப்புகள் கிணற்றடிக்குப் போகிற வழியை அடைத்துவிட்டன. கொய்யா மரம் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றது. வழமையாக மரம் வெட்ட வருகிறவரோ நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மரம் வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி நானே வெட்டுகிறேன் என்றேன்.

"மெசின் காலக் கைய வெட்டிப்போட்டா ஆரு பாக்கிற? அவர் வரும்மட்டும் இருங்களன்" என்றாள் மனைவி.

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன். நெம்புகோலும் உராய்வும் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தியவனுக்கு ஒரு மெஷின் பெரிய விஷயமா என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹாட்வெயார் கடையில் பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். வரிசையில் இருந்ததிலேயே பெரிய பெற்றோல் மெஷினைக் காட்டி, அதை எடுங்கள் என்றேன். அவள் எடுக்கவில்லை. எத்தனை மரம், கொப்பு எவ்வளவு தடிப்பு, வருடத்தில் எத்தனை தரம் வெட்டுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நானும் பதில் சொன்னேன். பிறகு அந்தப் பெரிய மெஷினை இறக்கி என் கையில் தந்தாள்.

"நெஞ்சுக்கு நேர பிடிச்சுக்கொண்டு என்னோட கதைங்க சேர்."

எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், என்ன பாடம், எப்போது ஓய்வு பெற்றேன் என்று ஆறுதலாக விசாரித்தாள். மூன்றாவது கேள்வியிலேயே என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஒன்றும் நடக்காதது போல மெஷினை மேசையில் வைத்தேன். அடுத்ததாக பற்றரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்றைத் தந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு என் சேவைக் காலத்தில் பாதியைச் சொல்லி முடித்தேன். கை அசையவில்லை.

"கை களைச்சா மெசின் தாழும் சேர். தாழுற இடத்தில கால் இருக்கும்" என்றாள்.

சின்னதையே வாங்கினேன். சங்கிலியை எப்படி இறுக்குவது, எண்ணெய் எங்கே விடுவது, தோளுக்கு மேலே ஏன் தூக்கக் கூடாது என்பதெல்லாம் பொறுமையாகக் காட்டித் தந்தாள். பெட்டியைக் கட்டும்போது, "ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதீங்க சேர். சாரனோட நிண்டு வெட்டாதீங்க. களிசானும் சப்பாத்தும் போடுங்க" என்றாள். "ஓம் மகள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். எங்கள் ஊரில் வீட்டு வளவுக்குள் களிசான், நீளக் காற்சட்டை என்று போட்டுக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால், வேலிக்கு அப்பால் போகிறவரெல்லாம் எங்கே பயணம் என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். பெருநாளைக்கு எடுத்த மருதமுனைக் கைத்தறிச் சாரனை முழங்காலுக்கு மேலே மடித்து, நல்ல இறுக்கமாகச் சண்டிக்கட்டுக் கட்டிக்கொண்டேன்.

மெஷின் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. நெஞ்சளவுக்குக் கீழே நின்ற கொப்புகளை எல்லாம் அரை மணித்தியாலத்தில் விழுத்திவிட்டேன். எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விழுந்த கொப்புகளை விறகளவுக்குத் துண்டாக்குவோம் என்று, ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்தேன். குனிந்த குனிவில் சண்டிக்கட்டு அவிழ்ந்து சாரன் முன்னால் விழுந்தது. நான் பார்க்கவில்லை. சங்கிலி அதன் நுனியைக் கவ்வியது. துணியைச் சுருட்டிக்கொண்டு மெஷின் என் முழங்காலை நோக்கி ஏறியது.

சாகிற நேரம் சொல்கிற கலிமா வாயில் வந்துவிட்டது. விசையிலிருந்து விரலை எடுக்கவேண்டும் என்பதுகூட அந்த நேரம் மூளையில் இல்லை. மெஷின் ஒரு உறுமு உறுமிவிட்டுத் தானாகவே நின்றது. குனிந்து பார்த்தேன். சங்கிலியின் பல்லுக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் இரண்டு மடிப்புத் துணிதான் இருந்தது. பற்றரியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றேன். நகரவும் முடியாது, சாரனைக் கழற்றிப்போட்டு ஓடவும் முடியாது.

சத்தம் நின்றதைக் கேட்டு மனைவி வந்தாள். "காலு இரிக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். கத்தரிக்கோல் கொண்டுவந்து, என் மரியாதைக்குக் கொஞ்சம் துணியை மிச்சம் விட்டுச் சுற்றிவர வெட்டி எடுத்தாள்.

"வளவும் என்ட, மரமும் என்ட. நீங்க இல்லாம எனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள்.

ஆனால் நான் லேசில் திருந்துகிற ஆளில்லை. அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் கூட்டாளிமாரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, கைத்தறிச் சாரன்தான் என் காலைக் காப்பாற்றியது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தைரியத்தில் திங்கட்கிழமை கடைக்கும் போனேன், சங்கிலியைத் துப்புரவாக்கித் தரச்சொல்லி. பல்லுக்குள் சிக்கியிருந்த நூலைக் கண்டதும் அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடமும் சாரனின் புகழைத் தொடங்கினேன்.

"சாரன் காப்பாத்தல்ல சேர். சாரன்தான் மெசினக் காலடிக்கு இழுத்திருக்கு" என்றாள் குரலை உயர்த்தாமல். "சின்ன மெசின் எண்டபடியாத்தான் துணி சுத்தினோடன நிண்டது. நீங்க முதல் கேட்ட பெரிசு எண்டா லேசில நிண்டிராது."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே, "நீங்க சொன்னத நான் கேக்கல்ல மகள், பிழை என்னிலதான்" என்றேன். சொல்லி முடித்ததும் மனது லேசானது. இப்போதும் எங்கள் வளவில் தாழ்ந்த கொப்பை நான்தான் வெட்டுகிறேன், களிசானும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு.

அந்தப் பிள்ளை சொன்னதில் சின்ன மெஷின் என்ற பாதியைக் கேட்டேன், அந்தப் பாதியைக் கொண்டு அல்லாஹ் என் காலைக் காப்பாற்றினான். அதைக்கூட என் கை நடுங்கியதால்தான் கேட்டேன் என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.