ஏழாம் கவுண்டர் முத்திரை

கடை சாத்துமுன் தையல்காரர் தவறாமல் ஒரு காரியம் செய்வார். துணியில் கோடு போடும் சாக்கட்டியை வலது கையின் இரண்டு விரல்களில் அழுத்தித் தேய்ப்பார். சோப்புப் போட்டுக் கழுவுவார். இரண்டு கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். மகள் பிறந்த அன்றே சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்தவர். மகளுக்கு இப்போது பதினொரு வயது.

ஒரு நாள் காலை கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தவருக்கு, நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் இருந்தது. மனைவி வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

இதயப் பிரிவு சிஸ்டரின் கையில் ஒரு தாள். வலி, ஈசிஜி, வயது, மற்ற தொந்தரவுகள், ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் மூன்றைத் தாண்டாவிட்டால் மாத்திரையோடு வீடு. நாலு வந்தால் கட்டில். ஈசிஜியும் ரத்தமும் நன்றாகவே இருந்தன. சர்க்கரை, பிரஷர் இரண்டையும் மனைவி ஒப்பித்தாள். சிகரெட் உண்டா என்றதற்கும் அவளே முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் எப்பவோ தலைமுழுகியாச்சு சிஸ்டர். இவரு சொன்னா சொன்னதுதான்."

தையல்காரர் மின்விசிறியைப் பார்த்தார். மொத்தம் மூன்று. மனைவி அவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

சிஸ்டர் தாளை மூடவில்லை. அவருடைய மஞ்சளேறிய விரல்களையே பார்த்தபடி ஒரு சீட்டைக் கிழித்து, மூன்றாம் மாடிக் கோடியில் இருக்கும் ஏழாம் கவுண்டரில் முத்திரை வாங்கி வரச் சொன்னாள். வீட்டு ஆள்தான் போகவேண்டுமாம். மனைவி படியேறும் சத்தம் தேய்ந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்போ சொல்லுங்கண்ணா. ஒரு நாளைக்கு எத்தனை?"

"அவளுக்குத் தெரிஞ்சா மாரடைப்பே வேணாம் சிஸ்டர், அவளே போதும்."

"அவங்ககிட்ட நான் சொல்லப்போறதில்ல. இந்தத் தாளுக்கு மட்டும் சொல்லுங்க."

எட்டு என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மூன்று, நாலானது.

மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, இருந்து போகட்டும் என்றார். சாயங்காலம் மறுபடி எடுத்த ரத்தம் வேறு கதை சொன்னது. மறுநாளே அடைப்பைக் கண்டுபிடித்து ஸ்டென்ட் வைத்தார்கள். முதல் கணக்கின்படி வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் மனைவியிடம் அவரே சொல்லிவிட்டார். ஒரு வாரம் அவள் பேசவில்லை. வேளாவேளைக்கு மாத்திரை மட்டும் தட்டில் ணங்கென்று விழுந்தது. சாக்கட்டி அதன்பின் துணியைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

ஆறு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனவர், சிஸ்டருக்கு வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்து எடுத்துப்போனார். கண்ணாலேயே எடுத்த அளவு. அன்று அவள் விடுப்பு. பொட்டலத்தைக் கொடுத்து வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே இடம் ஏழாம் கவுண்டர். மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறினார்.

இதயப் பிரிவு சிஸ்டர் அனுப்பி மனைவி முத்திரை வாங்கிப்போனது இங்கேதானே என்றதும் அங்கிருந்தவர் சிரித்தார். "இது எக்ஸ்ரே படம் குடுக்குற இடம். அந்த சிஸ்டர் ஆள் அனுப்பினா பத்து நிமிஷம் காக்க வெச்சு, கையில கிடைச்சதைக் குத்தி அனுப்பணும். தினம் நாலு பேராவது வர்றாங்க."

வீட்டுக்கு வந்து, மனைவி ரிப்போர்ட்டுகளோடு பத்திரப்படுத்தியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். 'படம் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்றிருந்தது.