இசோலினாவின் கணக்கு

வெனிசுவேலாவின் மராகைபோவில் வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்களுக்கு வேலை ஒரு பாடே இல்லை. செய்த வேலைக்குக் காசு கைக்கு வந்து சேருவதுதான் பாடு. நொஹேலியா சமையல் வீடியோக்களுக்கு ஸ்பானிய மொழியில் வசனம் எழுதுகிறவள். வேலை கொடுக்கும் லோர்னா அம்மாள் அமெரிக்காவில், மில்வாக்கியில் இருந்தாள். முதலில் ஒரு பணம் அனுப்பும் கம்பெனியை நம்பினார்கள். அது அனுப்பும்போது கொஞ்சம் பிடித்தது, வாங்கும்போது கொஞ்சம் பிடித்தது, மாற்றும்போது இன்னும் கொஞ்சம் பிடித்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கடைசியில் கைகொடுத்தவள் அமெரிக்காவிலேயே ஒர்லாந்தோவில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் இசோலினா. அவள் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நொஹேலியா. அப்படி நின்றுவிட்டால் இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே; கூடப் பிறந்தவளை விட ஒரு படி மேல். லோர்னா அனுப்பும் பணம் இசோலினாவின் வங்கிக் கணக்கில் விழும். அதை அவள் இங்குள்ள மளிகைக்கடைக்காரருக்கு அமெரிக்காவில் இருக்கும் மகன் கணக்குக்குத் தள்ளுவாள். கடைக்காரர் ஆறு சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியை நோட்டாகக் கொடுப்பார். இசோலினாவின் சம்பளமும் அதே கணக்கில்தான்.

இதற்கு ஒரே ஒரு விதி. பணத்தோடு அனுப்பும் குறிப்பில் நம் நாட்டின் பெயர் வரவே கூடாது. வந்தால், அமெரிக்கா நம் நாட்டின் மேல் போட்டிருக்கும் பொருளாதாரத் தடைக்குப் பயந்து வங்கி கணக்கைப் பூட்டிவிடும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே லோர்னா "பிறந்தநாள் கேக்" என்று எழுதி அனுப்புவாள். மூன்று வருஷமாக அந்த அம்மாள் மாதம் இரண்டு கேக் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் லோர்னாவின் கணக்குப்பிள்ளை ஒழுங்கான பில் கேட்டார். நொஹேலியா இணையத்தில் இலவசமாகப் பில் போட்டுத் தரும் செயலி ஒன்றைப் பிடித்தாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். முகவரி கேட்டது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே போக விடவில்லை, சிவப்பாக மிரட்டியது. வீட்டு எண், தெரு, மராகைபோ, வெனிசுவேலா என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லோர்னாவிடமிருந்து செய்தி வந்தது. பில் ரொம்ப அழகாக இருக்கிறதாம். அதிலிருந்ததை அப்படியே எடுத்துக் குறிப்பில் போட்டு ஐந்நூற்று எண்பது டாலர் அனுப்பிவிட்டாளாம். கூடவே அந்தக் குறிப்பின் படம். படத்தில் மராகைபோவும் இருந்தது, வெனிசுவேலாவும் இருந்தது.

நொஹேலியா படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தாள். அந்தக் கணக்கில் இசோலினாவின் இரண்டாயிரத்து நூறு டாலர் கிடந்தது. மூன்று மாத வாடகை பாக்கி. ஒன்றாம் தேதிக்குள் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதான் சொல்லியிருந்தாள்.

உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். பணத்தை எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை போதும். கூப்பிடவில்லை. சொன்னால் இனி உன் பணம் என் கணக்கில் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். அந்தக் கதவும் மூடினால் மகளின் பள்ளிக்கட்டணத்துக்கு எங்கே போவது, அப்பாவின் இன்சுலினுக்கு எங்கே போவது? ஒருவேளை வங்கி அந்தக் குறிப்பைப் படிக்காமலே விட்டுவிடலாம். அரிசியைக் கழுவினாள். கழுவிய அரிசியையே மறுபடியும் கழுவினாள். பதினொன்றுக்குக் கரண்டு போனது; இனி எப்படிப் பேசுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

ஒன்றே காலுக்குத்தான் கூப்பிட்டாள். இசோலினா அழுதுகொண்டிருந்தாள்.

"கணக்கப் பூட்டிட்டாங்க கொமாத்ரே. பன்னெண்டு இருபதுக்கு மெயில் வந்திருக்கு. பதினோரு மணிக்கு எனக்கு பிரேக். கீழயே ஏடிஎம். தெரிஞ்சிருந்தா மொத்தத்தையும் வழிச்சு எடுத்திருப்பேன்."

நொஹேலியா பில்லைப் பற்றிச் சொன்னாள், முகவரியைப் பற்றியும் சொன்னாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"இப்பத்தான் பார்த்தேன்."

"அப்புறம் நீ மட்டும் என்ன பண்ணுவே? விடு. நீ பயந்து ஒடம்பக் கெடுத்துக்காத கொமாத்ரே."

அந்த ஆறுதல் அவளைக் கொன்றது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போன் ஒவ்வொரு முறை அடித்தபோதும் பயந்தாள். வங்கியை நினைத்து அல்ல, இசோலினாவை நினைத்து.

சனிக்கிழமை இசோலினாவே அழைத்தாள். குரல் தெளிந்திருந்தது. அது செய்த வேலைக்கு வந்த கூலிதான் என்று நிரூபித்தால் வங்கி கணக்கைத் திறந்துவிடும் என்றாள். "அந்த அம்மா உனக்கு அனுப்புன செய்தி இருக்கில்ல, அதப் படம் புடிச்சு அனுப்பு. முழுசா வேணுமாம், தேதி நேரத்தோட."

நொஹேலியா படம் பிடித்தாள். மேலே காலை 10:04 என்று தெளிவாக இருந்தது; கோடையில் ஒர்லாந்தோவுக்கும் மராகைபோவுக்கும் ஒரே நேரம். அந்த ஓரத்தை வெட்டிப் பார்த்தாள். வெட்டினால் வங்கி ஏற்காது, வாடகை போய்விடும், பையனோடு அவள் தெருவுக்கு வந்துவிடுவாள். வெட்டாவிட்டால் பதினோரு மணி பிரேக் அவளுக்கு ஞாபகம் வரும். வெட்டாத படத்தையே அனுப்பினாள்.

பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. நாற்பது நிமிஷம் நொஹேலியா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு வரி வந்தது.

"கிடைச்சது, நொஹேலியா."

பையனின் தலையில் பாதிரியார் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம். இசோலினா அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.