கூரை திறக்கும் கார்

முதல் கார் எங்கள் மகனுக்கென்றுதான் வந்தது. அவன் கையில் அது அரை மணித்தியாலம்கூட இருந்திராது. "பொறு மோனை, ஒருக்காப் பார்த்திட்டுத் தாறன்" என்று தகப்பன் வாங்கினார். மகனுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். தகப்பன் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

என் கணவர் அப்போது நயினாதீவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். நான் நாரந்தனையில் பிறந்து நயினாதீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். தீவுப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். எனக்கு வாய் நீளம் என்று புகுந்த வீட்டில் பெயர் எடுத்திருந்தேன், அதைக் காப்பாற்றவும் செய்தேன். கார்களைக் கொண்டுவந்தவன் என் தம்பி. வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தான். விடுமுறையில் வரும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ அவன் பெட்டிக்குள் இருக்கும்.

"உது சும்மா விளையாட்டுக் கார் இல்லை அத்தான். படத்தில ஓடின கார். அதைப் பார்த்து அச்சு அசலாச் செய்திருக்கிறாங்கள்" என்றான் முதல் தடவை. அந்தச் சொல் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் அலுமாரியின் கண்ணாடித் தட்டில் என் கலியாணச் சேலைகளுக்கு இடமில்லாமல் போனது.

எரிச்சல் வந்ததுதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தக் கார்கள் கொள்ளை அழகு. உள்ளங்கைக்குள் அடங்கும், தூக்கினால் கனம் தெரியும். தகரத்தை மடித்துச் செய்ததல்ல, உலோகத்தை உருக்கி வார்த்தது. நகத்தால் நெம்பினால் கதவு திறக்கும். முன்விளக்குகளுக்கு மூக்குத்திக் கல் போலக் கண்ணாடி பதித்திருந்தார்கள். மேலே அமத்தினால் சில்லுகள் பதுங்கி எழும்பும். முகமூடிக்காரன் ஒருவன் ஓட்டும் கறுப்புக் கார் இருந்தது. உருட்டினால் பின்குழாயில் சிவப்பு நெருப்பு உள்ளே போய் வெளியே வரும். பக்கவாட்டில் செட்டை விரிக்கும் பழங்காலக் கார் இருந்தது. சந்திரனில் ஓடும் ஆறு சில்லு வண்டி ஒன்று, ஏதோ தொலைக்காட்சித் தொடரில் வந்ததாம். வெளிநாட்டு வீடுகளில் தொலைக்காட்சி என்று ஒன்று இருக்கிறது என்பதே அந்த வண்டி வந்த பெட்டியைப் பார்த்துத்தான் எங்களுக்கு உறைத்தது.

உப்புக் காற்று சில்லுகளின் கம்பியைத் தின்றுவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் என் தையல் மெசின் எண்ணெயைக் கோழி இறகில் தொட்டு, ஒவ்வொரு சில்லாகச் சுழற்றிச் சுழற்றித் தடவுவார். அந்த நேரத்தில் வீட்டுக்கூரை இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் குசினிக்குள் நின்று, "மனுசிக்குத் தலையிடி எண்டாலும் ஒரு சொட்டு எண்ணெய் தடவ ஆளில்லை" என்று சத்தமாகச் சொல்வேன். "நீர் துருப்பிடிக்கிற ஆள் இல்லையே" என்று பதில் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனால் தமிழ்ப் படம் பார்ப்பார். அதுவும் கடைசி மோட்டார் வள்ளம் போய்விடும் என்று பாதியில் எழும்பி வருவார். மிச்சக் கதையை வழியில் தானே கட்டி முடித்துவிடுவார். வள்ளத்தில் நடுப்பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். தீவில் பிறந்த மனிதருக்கு இவ்வளவு கடல் பயமா என்று நான் பகிடி பண்ணியதுண்டு. ஆறு வயதில் தகப்பனைக் கடல் கொண்டுபோனது என்பது தெரிந்த பிறகு பகிடியை விட்டுவிட்டேன். ஒன்றாகப் புறப்பட்ட இரண்டு பாய் வள்ளங்களில் தகப்பனுடையது கவிழ்ந்து மூழ்கிப் போனதாம், இவர் மற்ற வள்ளத்தில் வந்து சேர்ந்தாராம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வள்ளத்தில் வந்த பெரியவர்கள் நான் கலியாணம் கட்டிவர முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவரிடம் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

கதை கட்டுவதில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. மண்ணெண்ணெய் வாங்க, கூப்பனுக்குச் சீனி வாங்க வருகிறவர்கள் கடையில் காத்து நிற்பார்கள் அல்லவா? ஒரு காரை மேசையில் வைத்து, அது வந்த படத்தின் கதையைச் சொல்வார். வந்தவர்கள் சாமானை வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். அவர் காரைத்தான் துருவித் துருவிப் பார்த்துக் கதையை எடுப்பார். "ஒரு பொத்தான் வைக்கிறதெண்டால் எவ்வளவு செலவு. சும்மா வைப்பானே? இதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்பார். கறுப்புக் காரின் பின்னால் மேல்நோக்கி நீண்டிருந்த தகடுகள் சுக்கான் என்றார். செட்டைகள், பெட்ரோல் முடிந்தால் காற்றுக்கு விரிக்கிற பாய். ஆறு சில்லு எதற்கு? தண்ணீர் வத்தின கடலில் சேறு தாண்ட. எங்கள் தீவில் எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் கடல்தான் வரும். அவருடைய படங்களும் அப்படியே முடிந்தன. ஒரு பொருளை அவ்வளவு மரியாதையோடு பார்க்கிற இன்னொருவரை நான் கண்டதில்லை. இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் தலைகால் தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய கதை வெள்ளிக் காருடையது. அது ஓர் உளவாளியின் கார் என்று மட்டும் தம்பி சொன்னான். மற்றவை படம் போட்ட பெட்டியோடு வந்தன, இதைச் சேட்டில் சுற்றிக் கொண்டுவந்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அமத்தினால் கூரை படாரென்று திறக்கும், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இருக்கும் விரல்நுனி அளவு மனிதன் சீற்றிலிருந்து தூக்கி எறியப்பட்டுப் பறப்பான். அவனைத் தேடி நாங்கள் கட்டிலுக்கடியிலும் அரிசிச் சுளகிலும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர் சொன்ன கதை இது. உளவாளியும் அவனுடைய சிநேகிதனும் போகிறார்கள். எதிரிகள் துரத்துகிறார்கள். பாலம் உடைந்து கிடக்கிறது, காரை நிற்பாட்ட ஏலாது. கார் கடலுக்குள் பாயப் போகிறது. பொத்தான் ஒன்றுதான், தப்பக்கூடிய ஆளும் ஒருவன்தான். உளவாளி சிநேகிதனைப் பார்க்கிறான். பொத்தானை அமத்துகிறான். சிநேகிதன் பறந்துபோய் வெள்ளை மணலில் விழுந்து, எழும்பித் திரும்பிப் பார்க்கிறான். கடலில் கார் இல்லை. அந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். மேசைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். "பச்சைப் புளுகு விடுறார், அதுக்கு இதுகள் அழுகுதுகள்" என்று சிரித்துக்கொண்டு நான் என் பாட்டுக்குப் போவேன். அவர் படம் பார்க்கவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். தீவு முழுக்க அவர் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று நம்பியது.

எண்பதுகள் தொடங்கிய நேரம், பக்கத்து வளவுப் பெடியன் சவூதியிலிருந்து வந்து இறங்கினான். தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ டெக், அவற்றை ஓட்ட ஜெனரேற்றர். வள்ளத்தில் இருந்து இறக்கவே நாலு பேர் தேவைப்பட்டார்கள். சின்ன வயதில் கடை மேசையில் நாடியை வைத்துக்கொண்டு கதை கேட்டவன் அவன். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கசற்றை நீட்டினான். மட்டையில் வெள்ளிக் கார்.

"அண்ணை, உங்கட கார் வந்த படம். நானும் இன்னும் பாக்கேல்ல. உங்களோட இருந்து பாக்கவேணும் எண்டு கொண்டந்தனான். நாளைக்குப் பின்னேரம் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறன். இங்கிலீசுப் படம்தானே, நீங்கள்தான் கதை சொல்லவேணும்."

அவன் படலையைத் தாண்டியதும் தொடங்கினேன்.

"நாளைக்குக் காய்ச்சல் எண்டு படுங்கோ. மானம் கப்பலேறப் போகுது. பொய்க்காரன் எண்டு கைகொட்டிச் சிரிக்கப் போகினம். பிறகு அந்தக் கடையில என்னெண்டு இருக்கப் போறியள்?"

"நான் எங்க பொய் சொன்னனான்? காரைப் பாத்துச் சொன்னனான்."

"கோட்டில வாதாடுற மாதிரிக் கதைக்காதேங்கோ. படம் வேற மாதிரி இருந்தால்?"

"இருக்கட்டுமன். கார் ஓடுறதைப் பாக்கலாம் எல்லே" என்றார். முகத்தில் பயத்தின் அடையாளமே இல்லை. கலியாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் காணவில்லை. மறுநாள் வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, காரைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பின்னால் நான் அம்மனை வேண்டிக்கொண்டு போனேன்.

பொழுதுபட்டதும் படம் தொடங்கியது. முற்றம் முழுக்கப் பாய். எல்லாருக்கும் முன்னால் அவருக்கு மட்டும் ஒரு கதிரை. முதலில் அவர் சொன்னதற்கும் படத்துக்கும் பெரிய சண்டை வரவில்லை. உளவாளி வந்தான், எதிரிகள் வந்தார்கள். ஆங்கிலம் முழுதாக விளங்காவிட்டாலும் முகங்களைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனார். பிறகு கார் வந்தது. அவர் எழும்பி நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் "இருங்கோ, இருங்கோ" என்று கத்தினார்கள். அவருக்குக் கேட்கவில்லை. வளைவில் கார் சாய்ந்து திரும்பியபோது அவருடைய தோளும் சாய்ந்தது. "பாத்தியளே, சில்லு பதுங்குது. எங்கடதும் அப்பிடித்தான் பதுங்கும்" என்றார். பையிலிருந்து காரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பொத்தானும் வந்தது. உளவாளிக்குப் பக்கத்தில் இருந்தவன் சிநேகிதன் இல்லை. துவக்கோடு இருந்த எதிரி. பாலமும் இல்லை, கடலும் இல்லை. கூரை திறந்தது, எதிரி ஆகாயத்தில் பறந்தான், உளவாளி ஒரு சிரிப்புக்கூடச் சரியாகச் சிரிக்காமல் காரை ஓட்டிக்கொண்டு போனான். ஒரு கண் மூடித் திறக்கும் நேரம், அவ்வளவுதான் அந்தப் பெரிய கதை.

பிறகு பின்னாலிருந்து ஒரு இளந்தாரியின் குரல் வந்தது.

"என்ன மனேச்சர் அண்ணை, காப்பாத்தினவன் எண்டியள்? அவன் எதிரியை எறிஞ்செல்லோ கலைக்கிறான்!"

எல்லாரும் சிரித்தார்கள். வஞ்சகச் சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புத்தான். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் திரும்பினார். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற அதே குரல்.

"எறியிறதெண்டால் கலைக்கிறது மட்டுமே தம்பி? எங்கட வள்ளம் கவிழேக்க என்னைப் பெத்த ஐயா என்னைத் தூக்கி மற்ற வள்ளத்துக்குள்ள எறிஞ்சவர். எறிஞ்சபடியாத்தான் நான் இருக்கிறன். நான் திரும்பிப் பாக்க அவர் இல்லை."

முதலிலேயே மற்ற வள்ளத்தில் ஏறிப் போனவர் என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன். சவூதிப் பெடியன் எழும்பி டெக்கை நிற்பாட்டக் கையை நீட்டினான்.

"விடு மோனை, ஓடட்டும். கார் இன்னும் வரும்" என்றார் அவர். கதிரையில் இருந்து முடியும்வரை பார்த்தார். மிச்சப் படத்துக்கு யாரும் அவரிடம் கதை கேட்கவில்லை. பின்னாலிருந்து கேட்ட அந்த இளந்தாரி, படம் முடிந்து போகும்போது, "அண்ணை, நாளைக்குக் கடையில அந்தக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ, உங்கடதை" என்றான்.

வீட்டுக்கு வந்து விளக்கைத் தூண்டினேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஒரு முற்றத்துச் சனத்துக்குச் சொன்னதை இவ்வளவு காலம் கூடவே கிடந்து உழைத்த எனக்குச் சொல்லவில்லையே என்ற கோபம்.

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

அவர் காரை என் கையில் தந்தார். பறந்து விழுந்த அந்தச் சின்ன மனிதனை எடுத்து நானே எத்தனையோ முறை சீற்றில் இருத்தியிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் பொத்தானை அமத்திப் பார்த்ததில்லை.

"எத்தினை தரம் சொல்லியிருப்பன்" என்றார். "நீர்தான் சிரிச்சுக்கொண்டு உம்மட பாட்டுக்குப் போனனீர்."

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு வாய்க்கு முன்னால் விரல் போனது. பொத்தானை அமத்தினேன். கூரை திறந்தது. அந்தச் சின்ன மனிதன் பறந்து வந்து என் மடியில் விழுந்தான்.