பழக்கப்பட்ட கண்

மயிலாப்பூரில் மின்வெட்டு வந்தால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் சுப்பராமன். எங்கள் சந்தில் குடியிருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கரண்ட் போனதும் நாங்கள் எல்லோரும் விசிறியோடு வாசலுக்கு வந்து மின்சார வாரியத்தைத் திட்டுவோம். அவர் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவார்.

அவர் தேடியது ஒரு நெபுலா. தானே மங்கலாக ஒளிவிடும் வாயு மேகம். திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, ரோஜாப்பூ மாதிரி இருக்கிறதாம். பார்க்கக் கூப்பிடுவார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படிச் சொன்னால், "பழக்கப்பட்ட கண் வேணும் ஓய்" என்பார். இரண்டு தடவை இதை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், மூன்றாம் தடவை தெரிகிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கப் பழகிக்கொண்டார்கள். அவர் மனைவி அபயாம்பாள் மட்டும் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாசி அமாவாசையன்று, இருட்டியதும் கரண்ட் போயிற்று. டெலஸ்கோப்பின் மேல் காமிராவைக் கட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, ஒரு நட்சத்திரம் நகர நகர டெலஸ்கோப்பும் கூடவே நகரும்படி அவர் கையால் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கொசு கடித்தாலும் அசையவில்லை. அபயாம்பாள் பக்கத்தில் நின்று விசிறினாள்.

ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார்கள். நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே புகை வளையம் ஒன்று. "ஏன்னா, இருக்கே!" என்றாள் அபயாம்பாள். அவளே சொன்னதால் தெருவும் நம்பியது. வானியல் சங்கத்தின் கண்காட்சிக்கு அவர் பெயரைப் போட்டு அழைப்பிதழ் அச்சடித்துவிட்டார்கள்.

பெரிதாக, சுத்தமாகப் பிரிண்ட் போட வேண்டும் என்று சொல்லி ஃபிலிமை ஸ்டூடியோ பீர் முஹம்மதுவிடம் கொடுத்தார். ஜாதகத்தோடு அனுப்பும் பெண்களின் போட்டோவில் அம்மைத் தழும்பை எடுப்பதில் பீர் முஹம்மதுக்கு நல்ல பெயர். கண்காட்சியன்று காலையில் கண்ணாடிச் சட்டம் போட்டு நீட்டினார்.

"இன்னா சாமி, ஃபிலிம் பூரா பொட்டுப் பொட்டா கீது. நடுவுல பொகை மாதிரி கறை வேற. பிளேடால சுரண்டி எடுக்கறதுக்குள்ள கண்ணு பூத்துப்போச்சு. இப்ப பாருங்க, ஒரு மாசு மரு கீதா?"

இல்லை. படம் முழுக்கக் கறுப்பு. ஃபிலிமும் போயிற்று.

படம் கெட்டுப்போனது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் மாலையில் அந்தக் கறுப்புப் படம் கண்காட்சிச் சுவரில் தொங்கியது. தலைமை வகித்த பேராசிரியர் உற்றுப் பார்த்துவிட்டு, இவ்வளவு நுட்பமான படத்தைத் தாம் கண்டதில்லை என்றார். பின்னால் நின்றவர்கள் கண்ணாடியில் விழுந்த டியூப்லைட்டைக் காட்டி, அதுதான் மேகம் என்று ஒருவருக்கொருவர் விளக்கினார்கள். எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் மேகம் தெரிந்தது. கேடயமும் கொடுத்தார்கள்.

வீட்டுக் கூடத்தில் ஆணியடித்து மாட்டியபோது அபயாம்பாள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏன்னா, ஃபிலிம்ல நன்னா இருந்துதே. இதுல எங்கே?"

"பழக்கப்பட்ட கண் வேணும்டி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த மின்வெட்டில் சுப்பராமன் விசிறியோடு வாசலுக்கு வந்து, எங்களைவிட உரக்க வாரியத்தைத் திட்டினார்.